அமெரிக்கா போகும் ஆட்டம்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிங்கப்பெருமாள் கோயிலில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் நடந்தது இது. பெரிய சம்பவம் என்று சொல்ல முடியாது. இரண்டு சிறுமிகள் என் போனை நடுவில் வைத்துக்கொண்டு விளையாடினார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சென்னைப் பக்கம் கடற்கரையில் இருக்கும் கோவளம். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் படகில் கால் வைத்தாலே வாந்தி வரும். ஊரே சிரிக்கும். அதனால் பத்தாவது முடித்ததும் லைசென்ஸ் எடுத்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே இருக்கும் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறேன்.

பக்கத்து போர்ஷனில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரர் என் வேனில்தான் வேலைக்கு வருவார். அவர் மகளும் என் மகளும் ஒரே பள்ளி, ஒரே ஆறாம் வகுப்பு. அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளியில் சேர்ந்து எத்தனையோ மாதமாகியும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "ஏ ஒடிசா, தள்ளி உக்காரு" என்பார்கள். அவளும் தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வாரம் ஒருநாள் வேனில் அவள் அப்பா எனக்குப் பக்கத்து சீட்டில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணா, மாசக் கடைசி பொண்ணும் அம்மாவும் ஊர் போகும். நான் மட்டும் இங்க" என்றார்.

"ஏம்ப்பா, இன்னா ஆச்சு?"

"பொண்ணு பேசல அண்ணா. ஊர்ல நிறைய பேசும். கோழி மாதிரி சத்தம். இங்க வந்து, ஒண்ணும் இல்ல. வீட்லயும் இல்ல. அங்க போனா பேசும்."

குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் அவர்களை இங்கே அழைத்து வந்தார். ஒற்றை ஆளாக ஒரு ரூமில் பத்துப் பேரோடு படுத்துக் கிடந்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். அமெரிக்காவுக்கு எந்தெந்த நாட்டிலிருந்து மக்கள் குடியேறினார்கள் என்ற வரலாற்றைச் சொல்லும் ஒரு கம்ப்யூட்டர் பாடம். பாடம் என்று பேர்தானே தவிர ஆட்டம் மாதிரி இருக்கும். நாமே ஒரு பயணியாக ஆகிவிட வேண்டும். என்ன எடுத்துப் போவது, கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் நாம்தான் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டிரண்டு பேராக விளையாடி, திங்கட்கிழமை வகுப்பில் வந்து சொல்ல வேண்டும். இரண்டு பேருமே பேச வேண்டும்.

என் மகள் பையை வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். "ப்பா, எனக்குப் போய் ஒடிசாவ ஜோடி போட்டுட்டாங்கப்பா. அவ வாயத் தொறக்கவே மாட்டா. என் மார்க்கு போச்சு."

சமையல் கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "இன்னாடி போச்சு? பக்கத்து வூடுதானே, கூட்டிகினு வா. அவ பேசலன்னா நீ பேசு. உன் வாய்க்கு ரெண்டு பேரு மார்க்கு வாங்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். கதவோரமாக உட்கார்ந்தாள். நான் கட்டிலில் படுத்துப் பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு பக்கம் வந்தது. அந்த நிலத்தில் முன்பே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பலரைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்தார்கள், அவர்கள் யாரும் விரும்பிப் போனவர்கள் இல்லை என்று எழுதியிருந்தது. மகள் எழுத்துக்கூட்டிப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். அதற்கப்புறம் பயணிகளின் படங்கள். பஞ்சம் வந்து கிளம்பிய அயர்லாந்துப் பெண், இத்தாலிப் பையன், சீனத்துப் பையன், பஞ்சாபிலிருந்து போன ஒரு விவசாயி.

"ப்பா, நம்ம நாட்டு ஆளும் கீறாருப்பா!" என்று மகள் குதித்தாள். ஆனால் அவள் தொட்டது வேறு படத்தை. நார்வே என்ற நாட்டில் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். "இவதான் நம்ம ஆளு."

முதல் வேலை பெட்டி கட்டுவது. கம்பளி, பொம்மை, ஊசி நூல், பாத்திரம் என்று ஒவ்வொரு படமாக வந்தது. எல்லாவற்றையும் எடுக்க முடியாது, பெட்டி சின்னது. அப்போதுதான் அந்தப் பெண் விரலால் எதையோ தொட்டு, மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"சுக்குவா."

நான் பேப்பரைக் கீழே போட்டேன். அவள் குரலை நான் கேட்டதே அதுதான் முதல் தடவை. "இன்னாமா, சுக்கா? தொண்ட வலிக்குதா கண்ணு?"

அவள் திருதிருவென்று விழித்தாள். என் மனைவி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "ஆடிக் காத்துல தொண்ட கட்டிகினு கீது போல. அதான் பேச்சே வரல. ஒரு மனுஷனாவது அந்தக் கொழந்தைய இன்னான்னு கேட்டீங்களா?" என்று எல்லாரையும் திட்டிவிட்டு உள்ளே போய், சுடச்சுடச் சுக்குக் காபி கொண்டுவந்து நீட்டினாள். அதுவும் அவள் போடுகிற சுக்குக் காபி, பெரியவர்களுக்கே காதில் புகை வரும்.

பாவம், மறுக்கத் தெரியாத பெண். இரண்டு வாய் குடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ம்மா, அவ அழுவுறாம்மா!"

அவள் தம்ளரை வைத்தாள். எழுந்தாள். நேராகச் சமையல் கட்டுக்குள் போனாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மோப்பம் பிடித்து, மேல் தட்டில் இருந்த ஒரு டப்பாவைக் காட்டி, "சுக்குவா!" என்றாள். கோவளத்திலிருந்து என் தங்கை கொடுத்துவிட்ட கருவாட்டு டப்பா அது. அப்புறம் திரும்பி வந்து போனில் இருந்த படத்தைக் காட்டினாள். கொடியில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. மக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி மறுபடியும், "சுக்குவா" என்றாள்.

"அடியம்மா, கருவாடா!" என் மனைவி சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கருவாடு கேட்ட புள்ளைக்குச் சுக்கு குடுத்து கொன்னுட்டேனே!"

"க... ரு... வாடு" என்று சொல்லிப் பார்த்த அந்தப் பெண்ணும் சிரித்தாள். சுக்குக் காரத்தில் இருமிக்கொண்டே சிரித்தாள். அவர்கள் ஊரும் கடலோரம்தானாம். அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் கோவளத்துக் கடலேதான் வடக்கே போய் அவர்கள் ஊர்க் கரையையும் நனைக்கிறது.

பெட்டியில் கருவாடு ஏறியது. கப்பல் கிளம்பியது. புயலில் திரை ஆடியதும் நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். "போன்ல பாத்தாலுமா ப்பா? உன்ன வெச்சிகினு..." என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கப்பல் போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிய கூடம். மாடிப்படியில் ஏறுகிறவர்களை மேலே நின்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார்கள் என்று கவனித்து, சந்தேகம் வந்தால் கோட்டின் மேல் சாக்பீஸால் ஒரு எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். நிஜமாகவே அப்படிச் செய்தார்களாம். அதைத் தாண்டினால் ஒரு ஆபீசர். அவர் ஏதோ கேட்டார். திரையில் கோணல் மாணலாக எழுத்துகள் வந்தன. இங்கிலீஷும் இல்லை, எதுவும் இல்லை.

"ப்பா, போன் பூடுச்சுப்பா!"

நான் வாங்கி அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கோணல் எழுத்துதான். உற்றுப் பார்த்தபோது கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இங்கிலீஷ் தெரியாத அந்த நார்வேப் பெண்ணின் காதில் ஆபீசர் பேச்சு அப்படித்தான் விழுந்தது என்று எழுதியிருந்தது.

மகள் குத்துமதிப்பாக எதையோ தொட்டாள். தப்பு. பயணியைக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மறுபடி தொட்டாள். மறுபடி பெஞ்சு. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள் இல்லையா, அழுகை வந்துவிட்டது. "லூசு ஆபீசர்! புரியற மாதிரி கேட்டா இன்னா கொறஞ்சா போயிடுவான்?"

பக்கத்துவீட்டுப் பெண் பேசாமல் போனை வாங்கினாள். எழுத்தை அவள் பார்க்கவே இல்லை. ஆபீசரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் பெட்டியின் பக்கம் போனது. அவள் பெட்டியைத் தொட்டாள். அவர் பார்வை பயணியின் தலைக்கு மேலே பின்பக்கமாகப் போனது. அங்கே நின்றிருந்த, நார்வேப் பெண்ணோடு கப்பலில் கூட வந்த அத்தையை இவள் தொட்டாள். கதவு திறந்துகொண்டது.

"எப்படிடி தெரியும்?"

அவள் வார்த்தை தேடினாள். "மிஸ் பேசும். எனக்குத் தெரியாது. நான் மிஸ் கண்ணு பாக்கும். எல்லாரும் புக் எடுக்கும், நான் எடுக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "தெனம்" என்றாள்.

என் மகள் நகர்ந்துபோய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஆகிவிட்டது. ஆட்டத்தின் கடைசிக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்கா போனவர்களில் பலபேர் சில வருஷத்தில் திரும்பியும் வந்துவிட்டார்களாம். அதனால் கடைசியாக ஒரு கேள்வி. இங்கேயே இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா?

நான் வாசலுக்கு வந்தேன். ஞாயிறு ஓவர்டைம் முடிந்து அந்தப் பெண்ணின் அப்பா சந்துக்குள் வந்துகொண்டிருந்தார். எங்கள் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கே போயிடலாம்டி. அந்த நார்வே பொண்ணோட அம்மா அங்க தனியா கீது, பாவம்."

"இல்ல! போ மாட்டேன்!"

"நான் சொல்றேன் இல்ல, குடு போன!"

"குடுக்க மாட்டேன்! நான் போ மாட்டேன்! நான் இங்கதான் கீறேன்!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அது இன்னா சொல்லுது?" மகள் கற்றுக்கொண்ட அளவுக்குத் தமிழ் அவருக்கு வரவில்லை. அதுவும் எங்கள் கோவளத்துத் தமிழ்.

"ஊருக்குப் போக மாட்டாளாம். இங்கதான் இருப்பாளாம்" என்றேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. அவரை ஏமாற்றின மாதிரி ஆகிவிடக் கூடாதே. "இது போன்ல ஒரு ஆட்டம்ப்பா. அதுல வர்ற கேள்வி" என்றும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "ஆட்டம் சரி அண்ணா. சத்தம் அவ சத்தம்."

கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். செருப்பைக்கூடக் கழற்றாமல், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்து, உள்ளே சண்டை ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி சைக்கிளுக்குக் காற்று அடித்தேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் வகுப்பில் நின்றார்கள். அந்தப் பெண் ஆபீசராக நடித்தாளாம். வாயைத் திறக்காமல் கண்ணாலேயே கேள்வி கேட்டு, பிள்ளைகளைப் பதில் சொல்லச் சொன்னாளாம். பாதிப் பேருக்குப் பெஞ்சுதான். அன்றிலிருந்து என் மகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மாசக் கடைசி வந்தது, போனது. யாரும் ஊருக்குக் கிளம்பவில்லை.

இப்போது அவள் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். நடுச்சுவர் வழியாக நாளெல்லாம் கேட்கிறது. அம்மாவை அதட்டுகிறாள், தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவையே கூப்பிடுகிறாள். நான் வேலை முடிந்து அலுத்துப் படுத்திருக்கும் நேரத்தில்கூட அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாகத் தோன்றியதே இல்லை. ஒரு குடும்பம் பிரியாமல் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சத்தம் அல்லவா அது.