கண் மாத்திரையும் கறுப்புக் கொட்டையும்

இரண்டு வருடத்துக்கு முன், ஏற்காட்டை அடுத்த நாகலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நடந்தது இது. அங்கே எனக்குக் காபிக் கொட்டை பொறுக்கும் வேலை. முறத்தில் கொட்டையைப் பரப்பி, கறுத்ததையும் பூச்சி அரித்ததையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. என் முழங்கால் வலிக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை.

அந்த மாசி மாதம் நான் பொறுக்கிக் கொடுத்த முறம் அடிக்கடி திரும்பி வந்தது. "ஏனுங்கம்மா, இத்தனை கறுப்பு கெடக்குதே, கண்ணு தெரியலைங்களா? இப்படியே போனா களை வெட்டத்தான் அனுப்போணும்" என்று எஸ்டேட்டில் கணக்கெழுதி வேலை பிரித்துக் கொடுக்கும் ரைட்டர் சொல்லிவிட்டார். சரிவில் ஏறி இறங்கினால் என் கால் ஒரு வாரம்கூடத் தாங்காது. பயந்து போனேன்.

கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். யாருக்கும் சொல்லாமல், போனில் விளம்பரம் பார்த்து ஒரு டப்பா கண் மாத்திரை வரவழைத்தேன். லூட்டீன், துத்தநாகம், பீட்டா கரோட்டின், பொன்னாங்கண்ணி, நெல்லிக்காய் என்று போட்டிருந்ததை, டப்பாவைக் கை நீட்டித் தூரப் பிடித்துத்தான் படித்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒன்று போடச் சொன்னதை மூன்றாகப் போட்டேன். போதாததற்குத் தினமும் கேரட், பப்பாளி.

பத்தே நாளில் முறம் திரும்பி வருவது நின்றது. மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்றரை மாதத்தில் உள்ளங்கை இரண்டும் மஞ்சளாகிவிட்டன. கூட வேலை செய்கிறவர்கள் பார்த்த மாத்திரத்தில் மஞ்சள் காமாலை என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஒருத்தி தன் வீட்டிலிருந்து கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தாள். "நொம்பப் பத்தியமா இருக்கோணுமுங்க" என்று இன்னொருத்தி உப்பில்லாத மோர்ச்சோறு கொடுத்தாள். மாத்திரை விஷயம் வெளியே வந்துவிடுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினேன். என் பக்கத்தில் உட்காரும் வெள்ளக்கடை கிராமத்துப் பெண் மட்டும் விடவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். "கீழாநெல்லி கெடக்கட்டுங்க்கா. மொதல்ல ஆசுபத்திரி போலாம், கெளம்புங்க" என்று தன் வண்டியில் ஏற்றி ஏற்காட்டுக்கு அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "காமாலைன்னா கண்ணோட வெள்ளை மஞ்சளாகும். உங்களுக்குப் பளிச்சுனு இருக்கே. என்ன சாப்பிடறீங்க?" என்றார். எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டேன். சிரித்துவிட்டார். கேரட்டிலும் அந்த மாத்திரையிலும் இருக்கிற நிறச்சத்து அளவுக்கு மீறிப் போய்த் தோலில் தங்கிவிட்டதாம். நிறுத்தினால் மெல்ல மறைந்துவிடுமாம். இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்த்து, காமாலை இல்லை என்று உறுதி செய்தார். எனக்கு இருப்பது நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் உள்ளது மங்கலாகத் தெரிகிற வெள்ளெழுத்து என்றும், அதற்குக் கண்ணாடிதான் வேண்டும், மாத்திரை உதவாது என்றும் சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இல்லீங்க டாக்டர், மாத்திரை நல்லாவே கேக்குதுங்க. ஒரு மாசத்துக்கு மேல ஒரு மொறம்கூடத் திரும்பி வரலீங்க" என்றேன்.

என்னை அழைத்து வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும், "கோவிச்சுக்காதீங்க்கா. நீங்க தண்ணி குடிக்க எந்திரிக்கறப்பெல்லாம் உங்க மொறத்தை நான் ஒருக்காப் பாத்துருவனுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன். அன்றைக்கே கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வந்தோம். மறுவாரம் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனபோது, "இதை மொதல்லயே பண்ணியிருக்கலாமுங்களே" என்றதோடு ரைட்டர் நகர்ந்துவிட்டார். நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. இன்றும் அதே இடத்தில்தான் உட்கார்ந்து பொறுக்குகிறேன்.

கண்ணாடியோடு பொறுக்கிய முதல் முறத்திலேயே ஒரு கைப்பிடிக்கு மேல் கறுப்புக் கொட்டை சேர்ந்தது. முறத்துக்கு முறம் அத்தனையையும் ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் பொறுக்கிப் போட்டிருக்கிறாள் என்பதை இப்போது நினைத்தாலும், என் கண் மங்கியதைக்கூட ஒரு குறையாக எண்ணத் தோன்றுவதில்லை.