வெறும் புயல்

லண்டன் ஹவுன்ஸ்லோ தியேட்டரில் திரை முழுக்கச் சூறாவளி இரைந்தது. கழற்றிவிட்ட சப்பாத்தை என் கால்கள் தாமாகவே தேடின.

"அம்மா, சும்மா இருங்கோ. இதுக்குப் பார்ட் டூ இருக்கு, ஹீரோ சாகமாட்டான்" என்றாள் மகள்.

யாழ்ப்பாணத்தில், என் சிறு வயதில், ஒரு பின்னேரம் இதே இரைச்சல் கேட்டது. "பொம்பர் வருது! பங்கருக்குள்ள இறங்குங்கோ!" என்று அப்பா கத்தினார். குண்டுவீச்சுக்குப் பயந்து முற்றத்தில் வெட்டிய குழிக்குள், முழங்காலளவு மழைத் தண்ணீரில் குந்தியிருந்தோம். பக்கத்தில் முருங்கை முறிந்து விழுந்த பிறகுதான் அம்மா எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இது வெறும் புயல்!"

கூரை பறந்துகொண்டிருந்தது. நாங்கள் சந்தோஷத்தில் சிரித்தோம்.

படம் முடிந்து வெளியே வந்தோம். ஹீத்ரோவில் இறங்கப்போகும் விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து இரைந்தது. மகள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதற்குள் நான் அவளைச் சுவரோரம் இழுத்துவிட்டிருந்தேன்.