அன்ரன் அண்ணையின் தூரத்து வெடி

போன சனிக்கிழமை மான் வேட்டைக்குப் போனேன். சிரிக்காதீர்கள்... துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு வந்தவன்தான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

கூட்டிப்போனவர் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர், மொன்றியல் துறைமுகத்தில் கன்டெயினர் லொறி ஓட்டுகிறார். கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர்களிடம் வேட்டை பழகி, லைசென்ஸும் எடுத்தவர். இந்த வருஷம் துவக்குக்குப் புது ஸ்கோப் கண்ணாடி பூட்டியிருந்தார். எவ்வளவு தூரத்து மானும் மடியில் வந்து நிற்குமாம்!

காலையில் ஒரு வெட்டவெளியின் ஓரம் பதுங்கியிருந்தோம். மறுகரையில், மரங்களுக்கு முன்னால் ஒரு மான் — என் கண்ணுக்கு மண்ணிறப் புள்ளி. காற்று வேறு பக்கவாட்டில் அடித்தது. குண்டு போய்ச் சேர்வதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தால் வயிற்றில் அல்லவா படும்? காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகுமே... கிட்ட வரட்டும் என்றேன். அண்ணை கேட்கவில்லை. சுட்டார்.

மான் துள்ளி மரங்களுக்குள் மறைந்தது.

காயம் பட்டிருந்தால் தேடிப் பிடிக்கவேண்டும் என்று நடந்தோம். பனியில் குளம்படிகள் மட்டும். ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. எனக்கு நிம்மதி. நிமிர்ந்து பார்த்தேன். மரங்களுக்கு அப்பால் புகை... ஒரு வீடு.

மான் தப்பியது சரி — குண்டு எங்கே போனது?

அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. துவக்கிலிருந்த குண்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். கதவைத் தட்டினோம். ஒரு வயதான அம்மா "போன்ஜூர்" என்று திறந்தார். அண்ணை தெரிந்த பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால், விறகு எடுக்கப் பின்பக்கம் போன கணவர் இன்னும் திரும்பவில்லையாம்.

சப்பாத்துக்கூடப் போடாமல், கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி பனிக்குள் ஓடினார். நாங்கள் பின்னால். பதில் இல்லை. அண்ணை "மாதாவே... மாதாவே..." என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

விறகுக் குவியலுக்குப் பின்னால் குனிந்த முதுகு ஒன்று தெரிந்தது. பிறகு அசைந்தது. காதை மூடிய கம்பளித் தொப்பியோடு மனிதர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்!

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். மனைவியின் கையைப் பிடித்தபடி நின்றார்.

என்னை வில்லரேயில் என் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது அண்ணை சொன்னார்: "தம்பி, அந்தக் கண்ணாடிக்குள்ளை மான் மட்டும்தான் தெரிஞ்சுது. பின்னாலை ஆர் நிக்கினம் எண்டு நான் யோசிக்கேல்லை."

இனிமேல் மான் கல்லெறி தூரத்தில் நின்றால்தான் சுடுவாராம்.

எவ்வளவு பெருப்பித்துக் காட்டினாலும் தூரம் தூரம்தான்!