சாரல் மூட்டையில் போன கோட்டு

எங்கள் வீட்டில் பருவம் மாறுவதைப் பஞ்சாங்கம் பார்த்து யாரும் தெரிந்துகொண்டதில்லை. வைகாசி முடிகிற சமயத்தில் ஒரு நாள் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்து அடுக்களைக் கதவை ஓங்கி அடிக்கும். அம்மா அடுப்பிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். மறுநாள் காலை வீட்டிலுள்ள துணி அத்தனையும் தட்டட்டிக்குப் போய்விடும். மொட்டை மாடியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

சாரல் இறங்கிவிட்டால் தென்காசியில் துணி காய்வது என்ற பேச்சே கிடையாது. ஈரம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆகவே நல்ல துணியெல்லாம் அதற்குள் பெட்டிக்குள் போயாக வேண்டும். பருத்திக்கு வெயில், பட்டுக்கு நிழல். பட்டுச் சேலையைப் போன வருஷம் மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்தால் அந்த இடத்தில் ஜரிகை ஒடிந்துவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் மடிப்பை மாற்றுவாள் அம்மா. நான் பக்கத்தில் போனாலே, “ஏட்டி, கையைத் தொடச்சிட்டு வா” என்பாள். துடைத்துவிட்டுப் போனால், “தொடாம அங்கன நில்லு” என்பாள். துவைத்து உலர்த்திய பழைய வேட்டியில் பட்டைச் சுற்றி, நடுவில் வசம்பும் அந்துருண்டையும் வைத்து, ட்ரங்குப் பெட்டியில் அடுக்கி, தரையில் ஓதம் ஏறும் என்று பெட்டியைச் செங்கல்லின் மேல் தூக்கி வைப்பாள். அன்றிலிருந்து எந்தத் துணிக்கும் கஞ்சி கிடையாது. கஞ்சி போட்ட துணி சாரலில் ஊசிப்போன வாடை அடிக்கும்.

நல்லது உள்ளே போனதும் நைந்தது வெளியே வரும். சாயம் போன வேட்டிகள், மெலிந்துபோன ஈரிழைத் துண்டுகள், கரை மட்டும் மிஞ்சிய சேலைகள். இவற்றுக்குச் சாரல் துணி என்று பெயர். குற்றாலத்தில் குளிப்பதற்காக எங்கள் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் மாற்றுத் துணி கொண்டுவரும் வழக்கமில்லை. எங்களிடம் இருக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் கொண்டுவருவார்கள். அருவிக்குக் கிளம்புகிறவர்கள் கையில் அம்மா ஒரு மூட்டை கட்டிக் கொடுப்பாள். குளித்துவிட்டு வந்ததும் அத்தனையையும் அலசிப் பிழிந்து வீட்டுக்குள் கொடியில் போடுவாள். அவசரத் துணிக்குப் பஞ்சாரம். கோழியை மூடுகிற அதே மூங்கில் கூடைதான், ஆனால் எங்கள் பஞ்சாரம் கோழியையே பார்த்ததில்லை. கரிச்சட்டியில் கனல் போட்டு, அதன்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணியை விரித்துவிட்டால் சோறு வடிப்பதற்குள் காய்ந்துவிடும். இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் எது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பா கைக்குட்டை கேட்டால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துக் கொடுப்பாள்.

நல்ல துணியெல்லாம் உள்ளே போகும்போது அதில் ஒன்றே ஒன்று மட்டும் எதிரே வெளியே வரும். அது அப்பாவின் கறுப்புக் கோட்டு. அப்பா வக்கீல். கோடை விடுமுறைக்குக் கோர்ட்டு மூடியதும் கோட்டு பெட்டிக்குள் போய் உறங்கும். கோர்ட்டு திறப்பதும் சாரல் தொடங்குவதும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஆகவே பட்டுச் சேலைகளெல்லாம் சுகமாக ஓய்வெடுக்கப் போகும் நேரத்தில் பாவம் அந்தக் கோட்டு வேலைக்குக் கிளம்பும்.

அப்பாவைத் தொழிலுக்குக் கொண்டுவந்த பெரிய வக்கீல் இறந்து, அவரிடமிருந்த கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட காலம் அது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா தினமும் காலையில் கோட்டை மடித்து இடது கையில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார், சாயங்காலம் அந்த மடிப்புக் கொஞ்சமும் கலையாமல் கொண்டுவருவார் என்பதுதான். பக்கத்து வீட்டு வாத்தியாரின் சட்டை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கசங்கிக் கந்தலாக இருக்கும். என் அப்பாவைப் போலத் துணியைப் பதவிசாக வைத்துக்கொள்கிறவர் ஊரிலேயே இல்லை என்று எனக்குப் பெருமையோ பெருமை. வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் தம்பி, என் மாமா, வழக்கம்போலக் கோவில்பட்டியிலிருந்து வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு பருத்திக் கடையில் அவருக்கு வேலை. கல்லோடு பேசினாலும் அது பதில் சொல்லும்வரை விடமாட்டார். அவர் வந்தால் வீடு சிரிக்கும். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. மைத்துனன் வாயைத் திறந்தால் எதில் கொண்டுபோய் விடுவானோ என்ற பயம் அவருக்கு.

மாமா வந்த மறுநாள், சனிக்கிழமை, அம்மா கோட்டை ஆணியிலிருந்து எடுத்து விரித்தாள். மடிப்பு நெடுகிலும் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. அம்மா உலர்ந்த துணியால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் முகம் வாடிக்கொண்டே போயிற்று.

“வாரம் பூராவும் கோர்ட்டுக்குப் போயிட்டு வார கோட்டுல்லா இது. உடம்புல கெடந்தா பூசணம் புடிக்குமா? நீயே சொல்லு” என்று மாமாவிடம் கேட்டாள்.

மாமா கோட்டை வாங்கி மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அம்மாவை நினைத்துச் சங்கடமாக இருந்தது. சாரலில் செருப்புக்கும்தான் பூசணம் பிடிக்கிறது, ஒரு கோட்டுக்காக இவ்வளவு வருத்தப்படுவார்களா? அதற்குப் பிறகு அம்மாவும் மாமாவும் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கோவில்பட்டிக் கதையாக இருக்கும் என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவும் நானும் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். அப்பாவுக்கு அருவி ஆகாது, மூக்கடைத்துக்கொள்ளும். அம்மா மூட்டையைக் கட்டி மாமா கையில் கொடுத்தாள். அருவியில் குளித்துவிட்டு, பல் கிட்டிக்கொண்டு கரைக்கு வந்து மூட்டையை அவிழ்த்தால், வேட்டிக்கும் துண்டுக்கும் அடியில் அப்பாவின் கோட்டு இருந்தது.

“மாமா, அது அப்பா கோட்டு” என்றேன்.

“தெரியுது. குளிருதுல்லா மருமவளே” என்று மாமா வேட்டியைக் கட்டி, வெற்றுடம்பில் கோட்டைப் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். அப்பாவுக்கு அளவாக இருந்த கோட்டு மாமாவுக்குத் தொளதொளவென்று கிடந்தது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். தாராளமாகச் சொல் என்றார். நேரே பஸ்ஸுக்குப் போகாமல் கடைத்தெருவில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடந்தார். பிறகு வடைக்கடை வாசலில், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி பெஞ்சியில் உட்கார்ந்தார். ஊரே துண்டோடு திரியும் இடத்தில் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் இருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் ஈரத்தலையோடு வந்து நின்றார். அச்சன்புதூரில் தோப்பும் வயலும் உள்ளவர் என்று அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. பக்கத்துத் தோப்புக்காரன் வரப்பை வெட்டி வெட்டித் தன் பக்கம் இரண்டு தென்னையை இழுத்துக்கொண்டானாம்.

“ஐயா வக்கீலுதான? குளிக்க வந்த எடத்துலயும் கோட்டைக் கழட்ட நேரமில்லாம இருக்கீயளே, எவ்வளவு கேசு பாக்குத ஆளா இருக்கணும்னு நெனச்சேன்” என்றார்.

மாமா எழுந்து நின்று கும்பிட்டார். “நான் வக்கீல் இல்ல அண்ணாச்சி. பருத்திக் கடையில வேலை பாக்குதேன். இது எங்க அத்தான் கோட்டு. அவுகதான் வக்கீல். லீவு நாளு மட்டுந்தான் இது வீட்ல கெடக்கும். மத்த நாளெல்லாம் கோர்ட்டுலதான். அதான் இன்னைக்கு எனக்குப் போடக் கெடச்சுது.”

அப்பா கோர்ட்டிலிருந்து கோட்டை எவ்வளவு அழகாக மடிப்புக் கலையாமல் கொண்டுவருவார் என்று நானும் சொல்ல வாயெடுத்தேன். மாமா சூடான வடை ஒன்றை என் வாயில் வைத்தார். அதைத் தின்று முடித்தபோது அண்ணாச்சி எங்கள் தெருவின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் மாமா எனக்கு மங்குஸ்தான் வாங்கித் தந்தார். வீடு வந்தபோது அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுவதற்குள் கோட்டு பஞ்சாரத்தில் காய்ந்து ஆணிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அச்சன்புதூர் அண்ணாச்சி பத்திரங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா அவரோடு முன்னறையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். அன்று கோர்ட்டுக்குப் போகும்போது அப்பாவின் நடையில் ஒரு வேகம் இருந்தது. சாயங்காலம் கோட்டு கசங்கிப்போய் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா மட்டும் அந்தக் கசங்கல்களைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு ஏற்றிய பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பரிமாறினாள். அப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

“அருவிக்கரையில யாரோ என் கோட்டைப் போட்டுக்கிட்டு நின்னானாம். அந்த அண்ணாச்சி சொன்னாரு” என்று மாமாவைப் பார்த்தார். “வக்கீல் கேசுக்கு ஆள் புடிக்கப்பிடாது. ஆள் விட்டும் புடிக்கப்பிடாது. நீ புடிச்சிட்டு வந்த கேசுன்னா நாளைக்கே கேசுக் கட்டைத் திருப்பிக் குடுத்துருவேன்.”

அம்மாவின் கையிலிருந்த குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. அப்பா சொன்னால் செய்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு அப்பா விசாரிக்கத் தொடங்கினார். அவர் குறுக்கு விசாரணை செய்து நான் நேரில் பார்த்தது அன்று மட்டும்தான். அருமையாகச் செய்தார்.

“அவருகிட்ட நீயாப் போயிப் பேசினியா?”

“இல்ல அத்தான். அவுகதான் வந்தாவ.”

“நீ வக்கீல்னு சொன்னியா?”

“இல்லேன்னுதான் சொன்னேன். இவகிட்டக் கேளுங்க.”

அப்பா என் பக்கம் திரும்பினார். நடந்தது நடந்தபடி சொன்னேன். லீவு நாள் மட்டும்தான் கோட்டு வீட்டில் கிடக்கும், மற்ற நாளெல்லாம் கோர்ட்டில் என்று மாமா சொன்னதையும் சொன்னேன். அப்பா அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவர் முகத்தில் என்னவோ ஒன்று வந்து போயிற்று.

“சரி. என் கோட்டை யாரக் கேட்டு எடுத்த?”

“நான் எடுக்கல அத்தான். மூட்டையில இருந்துச்சு.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு, “நாந்தான் தப்பா வச்சுட்டேன். பஞ்சாரத்துல சாரல் துணியோட கெடந்துச்சு, அதுகளோட சேத்துக் கட்டிட்டேன் போலுக்கு” என்றாள். குரல் பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆணியில் கசங்கித் தொங்கிய கோட்டையும் பார்த்தார். பிறகு குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்தார். “தவறுதலாப் போனதுன்னா சரி. ஆள் புடிச்சதா ஆகாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். அச்சன்புதூர் அண்ணாச்சி தப்பினார். அவருக்குப் பின்னால் அவருடைய மச்சான் வந்தார், மச்சானுக்குப் பின்னால் வடகரையிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். எங்கள் வீடு மெல்ல மூச்சுவிடத் தொடங்கியது அந்தச் சாரலில்தான்.

ஆனால் அன்று அந்த இலையின் முன்னால் என் மனமெல்லாம் அம்மாமேல்தான் இருந்தது. வீட்டிலுள்ள துணி அத்தனைக்கும் இடம் தெரிந்தவள், எல்லோர் முன்னாலும் தலை குனிந்து நின்றுவிட்டாளே. அவளுக்கு வயதாகிவிட்டது, கை தடுமாறுகிறது என்று நினைத்தேன். அம்மாவுக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது. எழுந்துபோய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “வருத்தப்படாதம்மா. அடுத்த சாரலுக்கு நானே மூட்டை கட்டுதேன். உனக்குச் சரியா வரல” என்றேன்.

அம்மா என் தலையைத் தடவி, “சரிம்மா. நீயே கட்டு” என்றாள். அப்பா குனிந்த தலை நிமிராமல் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குழம்பில் காரம் கூடிப்போயிற்று என்று நினைத்து, பாவம், அதையும் அம்மாவின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.