இடப்பக்கத்துக் கடல்

காலை உணவின்போது, "இன்னும் ரெண்டு வை" என்றேன். "தட்டுலயே ரெண்டு இட்லி இருக்குதுங்களே" என்றாள் என் மனைவி மும்தாஜ். எங்கே என்று கேட்டேன். அவள் முகம் மாறியது.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார் மருத்துவர். இடக்கை லேசாகத் துவண்டிருந்தது. அதைவிடச் சங்கடம் ஒருபக்கப் புறக்கணிப்பு (பார்வை நன்றாக இருந்தும் ஒரு பக்கத்தையே மூளை மறந்துவிடுவது). "பழகப் பழக வருங்க. முழுசா வருமான்னு இப்போ சொல்ல முடியாது" என்றார்.

வீட்டில் பாதி முகத்துக்கே சவரம் செய்தேன். வழக்கம்போல் இடப்பக்கம் உட்கார்ந்த மும்தாஜை நான் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் அழுதுவிட்டாள். அந்தச் சத்தத்தை நான் வலப்பக்கம் தேடினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அது அலட்சியம் அல்ல என்று நம்புங்கள்.

மருத்துவமனையில் எனக்குப் பயிற்சி கொடுத்த பெண் ஓவியம் வரையச் சொன்னார். முப்பது வருடம் பெயிண்ட் விற்ற எனக்கு நீர்வண்ணம் புதிது. தண்ணீர் நிறைய, நிறம் துளி. காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. "அவசரப்பட்டா சேறாயிடும் சார்" என்பார். தாளின் இட ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அதைத் தேடிப்பிடித்துத் தொடங்கச் சொன்னார்.

கல்யாணமான புதிதில் நாகூரில் பார்த்த கடலை வரைந்தேன். எங்கள் தர்மபுரியில் எங்கே பார்த்தாலும் ஒரு மலை வந்து பார்வையை நிறுத்தும். கடலில் நிறுத்த எதுவும் இல்லை. விடிகாலைப் பனி. அலை காலைத் தொட்டதும் மும்தாஜ் என் இடக்கைச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வயதும் அந்தப் பிடியும் திரும்ப வேண்டும் என்று ஏங்கினேன்.

டேப் கண்ணில் படவில்லை; முதல் பூச்சு தாளின் வலப்பாதியோடு நின்றது. எனக்கோ அது முழுக்கடல்.

"நல்லாயிருக்குதுங்க. நான் எங்க நிக்கறேன்?" என்றாள் மும்தாஜ்.

அதே தாளில் வாரம் ஒரு பூச்சு. ஒவ்வொன்றும் முந்தையதைவிட விரலளவு இடப்பக்கம் தள்ளித் தொடங்கியது. ஒன்பதாவது பூச்சு டேப்பைத் தொட்டது.

வலப்பக்கம் ஒன்பது பூச்சும் சேர்ந்த அடர்நீலம். இட ஓரத்தில் ஒரே பூச்சு, வெறும் பனி. "அன்னைக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு" என்றாள் மும்தாஜ். அந்தப் பனிக்குள் அவளைச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் நிறுத்தினேன்.

இன்றும் களைத்துப்போனால் இடப்பக்கம் நழுவிவிடுகிறது. முன்பானால் பதறியிருப்பேன். இப்போது ஒரு பூச்சு காயும் நேரம் பொறுத்து, மெல்லத் தலையைத் திருப்புகிறேன். வலப்பக்கம் வந்து உட்காரேன் என்றால் மும்தாஜ் கேட்பதில்லை.

"நான் இங்கதான் இருப்பேன். நீங்க தேடி வாங்க" என்கிறாள்.