பால் கொடுக்கும் முயலுக்கு அளவில்லை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையை ஒட்டி என் மாமனார் வீடு. எனக்குத் தாய் இல்லாததால் தலைப்பிரசவம் அங்கேயே நடந்தது. வீட்டுக்காரர் பட்டாளத்தில் எங்கோ வடக்கே இருந்தார். அந்தப் பிரசவத்தில் கிடந்த பசியை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மாமனாருக்கு முயல் என்றால் உயிர். கொல்லையில் வரிசையாகக் கூண்டுகள். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் சபையில் பாதிப் பேர் அவரிடம்தான் கறிக்குச் சொல்லி வைப்பார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவருக்கு ஒரே பாட்டு.

“தாய்கிட்டேருந்து பிரிச்ச குட்டிக்கு அளந்துதான் போடணும். வவுறு முட்டத் துண்ணா கழிச்சல் கண்டு செத்துப்பூடும். கொஞ்ச நாளு வளத்தி மட்டா இருக்கும், அப்பால எட்டிப் புடிச்சிக்கும்.”

அது உண்மைதான். ஆசையாக அள்ளிப் போட்ட பக்கத்து வீட்டில் குட்டிகள் வயிறு ஊதிச் செத்ததை நானே பார்த்தேன். ஆனால் அந்தச் சட்டத்தை என் தட்டுக்கும் கொண்டுவந்தார் பாருங்கள்!

பத்தியம் என்று மாமியார் எனக்கு வைத்தது ஒரு பிடி சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். தண்ணீர் கேட்டால், வயிறு பெருத்துவிடும் என்று ஒரே மடக்கு. பசிக்கிறது என்று நான் சொன்னால் மாமனார் கொல்லையிலிருந்தே குரல் கொடுப்பார்: “முயலே அளந்து துண்ணாதான் பொழைக்குது, உனுக்கு இன்னாம்மா?”

பால் வற்றிக்கொண்டே வந்தது. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழும். கன்னம் ஒட்டிப்போயிற்று. சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வை என்றார் மாமியார். என் பிள்ளை என் கண் முன்னே காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். குட்டி போட்ட முயலின் கூண்டுக்கு முன்னால் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் வேர்க்கடலைக் கொடி, இன்னொரு கையில் கிண்ணம் நிறைய ஊறவைத்த கொண்டைக்கடலை.

“துண்ணு கண்ணு, பால் குடுக்கறவளுக்கு அளவு இன்னா அளவு!” என்று கொஞ்சுகிறார்.

எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மாமனார் எதிரில் ஒரு நாளும் உட்காராத நான், கிண்ணத்தைப் பிடுங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து கடலையை வாயில் அள்ளிப் போட்டேன்.

“ஐயோ கர்த்தாவே, பச்சை ஒடம்புக்காரி பச்சைக் கடலையத் துன்றாளே!” மாமியார் அலறினார்.

“அது குட்டி போட்டதுக்கு எடுத்து வச்சதும்மா,” என்றார் மாமனார், திகைத்துப்போய்.

“நானுந்தான் பெத்துட்டு ஒக்காந்துகினு இருக்கேன் மாமா! புள்ள வாயில பால் எறங்கல, பாருங்க!”

பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். அது அவர் விரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் முதல் எனக்கு வயிறு நிறையச் சோறும் சொம்பு நிறையத் தண்ணீரும் வந்தன. பிள்ளை தேறிவிட்டது.

கோபம்தான் தீரவில்லை. பின்னால் என் ஓரகத்திக்குப் பிரசவமானபோது, பார்க்க வந்தவர்களிடம் மாமனார் பெருமையடித்தார்: “இந்த ஊட்ல பத்தியம் கெடையாது. என் முயலு கத்துக்குடுத்த பாடம்.”

முயலாம்! பசியில் கத்தியது நான்.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் பிள்ளை பெற்றாலும், போதுமா என்று பெற்றவளைத்தான் கேட்கிறேன். வேறு யாரும் அதற்குப் பதில் சொல்ல நான் விடுவதில்லை.