தரையில் முடுக்கிய பெஞ்சுகள்

அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு எடுத்துவந்த அவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் முட்டை மேடம். அவர் திருத்திக் கொடுக்கும் தாள்களில் அந்த வடிவம்தான் அதிகம் கண்ணில் படும். பெயர் அவர் காதுக்கும் வந்தது. அவர் கோபப்படவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார். வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை என்றால் பாடம் கனமானது என்று பொருள், அவ்வளவுதான். துறையில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். தேர்வு முடிவு வரும் நாளில் ஆசிரியர் அறையில் யார் வகுப்பில் அதிகம் பேர் கவிழ்ந்தார்கள் என்று பந்தயம் மாதிரிப் பேசிச் சிரிப்பார்கள்.

ஒரு விடுமுறை நாளில் அவர் செருப்பு வாங்கக் கடைக்குப் போனார். கணவர் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்ததும், சீருடை போட்ட ஒரு பெண் அளவுப் பலகையோடு வந்து குனிந்தாள். காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி சட்டென்று காலைப் பார்த்தாள்.

"நீ என் வகுப்புலதானே இருந்த? முதல் வரிசையில?"

"ஆமா மேடம். முதல் வரிசைல இருந்தேன். அப்புறம் கடைசி வரிசை. அப்புறம் கேட்டுக்கு வெளியே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"புரியலன்னா கேட்டிருக்கலாமே? நான் தினமும் கேக்கறேனே, ஏதாவது சந்தேகம் இருக்கான்னு."

அந்தப் பெண் பெட்டியைத் திறந்து, செருப்புக்குள் திணித்திருந்த காகிதத்தை எடுத்தாள். "மேடம், சந்தேகம்னு ஒண்ணு வரணும்னா பாதியாவது புரியணும். எதுவுமே புரியாதப்ப எதைக் கேக்கறது? நீங்க கடைசியா அந்த மாதிரி எப்ப உக்காந்திருந்தீங்க?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவரும் யோசித்துப் பார்த்தார். செருப்புக்குப் பணம் கட்டும்போதும் அதையேதான் யோசித்தார். வீடு வரும்வரை நெற்றியைச் சுருக்கியபடி வந்தவரைக் கணவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னம்மா, புதுச் செருப்பு கடிக்குதா?"

"செருப்பு இல்லீங்க" என்றார்.

மறுவாரமே அவர் பக்கத்துக் கட்டடத்தில் உயிர்வேதியியல் எடுக்கும் ஆசிரியையிடம் போய், முதலாண்டு வகுப்பில் மாணவியாக உட்கார அனுமதி கேட்டார். பள்ளியிலேயே அவர் கைகழுவிய பாடம் அது. அந்த ஆசிரியை முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு, "வாங்க, ஆனா பரிட்சையும் எழுதணும்" என்றார். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

முதல் நாள் சமாளித்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் ஒரு சொல் நழுவியது, அதைப் பிடிக்கப் போனால் அடுத்த வாக்கியமே நழுவியது. கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தது. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று ஆசிரியை கேட்டபோது வகுப்பே மேசையைப் பார்த்தது. பல வருடமாக அதே கேள்வியை அதே தொனியில் கேட்டுவந்த அவரும் குனிந்து மேசையைத்தான் பார்த்தார்.

முதல் தேர்வில் அவர் தேறவில்லை. தாள் கைக்கு வந்ததும் அதை யாரும் பார்க்காதபடி கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதைக் கவனித்துவிட்டான். இராத்திரியெல்லாம் பார்சல் வண்டி ஓட்டிவிட்டு வகுப்பில் சாய்ந்துவிடுவதால் அவனுக்குத் தூக்கம் என்று பெயர். அன்று முழித்திருந்தான்.

"விடுங்க மேடம். போன வருஷம் நான் இதைவிடக் கேவலம். எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க."

"எங்கன்னே தெரியலப்பா."

"அப்ப நீங்க புரிஞ்சதைச் சொல்லுங்க. எங்க வாய் நிக்குதோ அங்கதான்."

அவர் சொல்லத் தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே வாய் நின்றது. தூக்கம் பேனாவை எடுத்தான். போன வருடம் தானும் அதே இடத்தில் முட்டி மோதியவன் என்பதால், எந்தக் கல்லில் கால் தடுக்கும் என்பது அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. ஆசிரியைக்கு அது மறந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். தனக்கும் தன் பாடத்தில் அப்படித்தானே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கத்தைவிட அவசரம்தான் அதிகமாக வந்தது. அடுத்த பருவம் தொடங்க அதிக நாள் இல்லை.

துறைத்தலைவர் முன்னால் போய் நின்றார். முதலாண்டுக் கணக்கு வகுப்பை மாற்றவேண்டும். பாதி நேரம் தான் பேசுவது, பாதி நேரம் மாணவர்கள் நாலு நாலு பேராகத் திரும்பி உட்கார்ந்து கணக்குப் போடுவது. ஒருமுறை தவறி மறுமுறை தேறிய சீனியர்கள் நடுவே சுற்றிவருவது. தனி வகுப்பாக வைத்தால் மக்கு என்று முத்திரை விழும், ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதனால் எல்லோருக்கும், வகுப்பு நேரத்திலேயே.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஊட்டி விடச் சொல்றீங்களா? தரம் என்ன ஆகறது?"

"கேள்வித்தாளை வேற யாராவது போடட்டும் சார். திருத்தறதும் அவங்களே. நான் தொடவே மாட்டேன்."

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரே ஒரு பருவம். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வரக்கூடாது" என்றார்.

அனுமதி கிடைத்தது, ஆனால் பெஞ்ச் திரும்பவில்லை. அந்தப் பெரிய வகுப்பறையில் எல்லா பெஞ்சுகளும் கரும்பலகையைப் பார்த்தபடி தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தன. கட்டடப் பிரிவில் கேட்டால், திருட்டுப் போகாமல் இருக்கத்தான் என்றார்கள். பெஞ்சை யார் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்று கேட்டார். அது தெரியாது, மேலிடத்து உத்தரவு என்றார்கள். மேலிடத்துக்குப் போனார். உத்தரவு கட்டடப் பிரிவுடையது என்றார்கள். இரண்டு அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் கட்டடப் பிரிவுக்காரர் அலுத்துப்போய், "எங்ககிட்ட ஆள் இல்ல மேடம். நீங்களே கழட்டிக்கிட்டா நாங்க வேண்டாம்னு சொல்லல" என்றார், அவர் கழற்றமாட்டார் என்ற தைரியத்தில்.

அந்தச் சனிக்கிழமை கணவரோடு வந்து இறங்கினார். துணி துவைக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பது கணவரின் தொழில். பெட்டி நிறைய ஸ்பேனர். துருவேறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல வீட்ல ஒரு குழாயை நீ தொட்டதில்ல" என்றார்.

"பேசாம அந்தப் பக்கம் பிடிங்க."

முட்டி தேய, உள்ளங்கை கொப்பளிக்க, இருட்டுவதற்குள் அறை முழுவதையும் கழற்றி முடித்தார்கள்.

இதற்கு நடுவில் அவர் செருப்புக் கடைக்கும் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைத் திரும்பச் சேரச் சொல்லித்தான். "கடை பதினொரு மணிக்குத் திறக்கறாங்க மேடம். உங்க வகுப்பே அப்பதான் ஆரம்பிக்குது" என்றாள் அவள். உடனே வகுப்பைக் காலை முதல் மணிக்கு மாற்றினார். அடுத்த தடவை போனபோது அவள், "வீட்ல கேக்கணும்" என்றாள். அதற்கடுத்த தடவை, "மறுபடியும் விழுந்துட்டா?" என்றாள்.

"விழலாம். தனியா விழ மாட்ட. அதுக்கு மட்டும் நான் பொறுப்பு."

வீட்டு அலமாரியில் மூன்று ஜோடிப் புதுச் செருப்பு சேர்ந்த பிறகு அவள் வந்து சேர்ந்தாள்.

தொடக்கம் நன்றாக இல்லை. சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து அறையிலிருந்து புகார் வந்தது. மாணவர்களே தலைவரிடம் போய், மேடம் பாடம் நடத்தாமல் எங்களையே பேசச் சொல்கிறார் என்றார்கள். சில குழுக்களில் ஒருவன் போட, மூவர் கைபேசி பார்த்தார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்: எழுதுபவன் பேசக்கூடாது, பேசுபவன் எழுதக்கூடாது என்று விதி வைத்தார். தானும் அறையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சந்தேகம் இருக்கா என்று கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டார். "எந்த வரியில நின்ன?" என்று மட்டும் கேட்டார்.

ஒருநாள் செருப்புக் கடைப் பெண் குழு நடுவில், அறைக்கே கேட்கும்படி, "இருங்கப்பா, எனக்கு இந்த மூணாவது வரி சுத்தமா புரியல!" என்றாள். பின்னாலிருந்து இன்னொருவன், "அப்பாடா, எனக்கும்" என்றான். அறை சிரித்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; சுண்ணக்கட்டித் தூள் என்று நினைத்திருப்பார்கள்.

பருவ முடிவில் வேறொரு பேராசிரியர் கேள்வித்தாள் போட்டார். திருத்தியதும் அவரே. பாதிப் பேர் விழுந்த இடத்தில் ஆறில் ஒரு பங்குதான் விழுந்தது. செருப்புக் கடைப் பெண் ஓரளவு நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள். தலைவர் முடிவுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேள்வித்தாள் கொஞ்சம் சுலபமோ?" என்றார்.

கேள்வித்தாள் போட்டவருக்குச் சுருக்கென்றது. "யாரு, நானா சுலபமா போடறவன்? இருபது வருஷமா என் பேப்பரைப் பார்த்து அழாத பையன் உண்டா சார்?"

தலைவர் முடிவுத்தாளை மூடி வைத்தார். அடுத்த பருவத்துக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

துறையில் இனிப்பு வாங்கலாம் என்றார்கள். அவர் அன்று மாலை வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து, தேறாதவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிலர் எடுக்கவில்லை, அவர்களை மறுநாள் நேரில் பார்ப்பதாக முடிவுசெய்தார். ஒருவர் எடுத்தார். பேருந்து ஓட்டுநராக வேலை பார்த்துக்கொண்டே படிக்கும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான மாணவர். பின்னால் டிப்போவின் இரைச்சல்.

"மேடம், எனக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க. விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"முடிவை அப்புறம் பண்ணிக்கலாம். கடைசிக் கணக்கு ஞாபகம் இருக்கா? எந்த வரியில நின்னீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் ஓசை. டிப்போ இரைச்சல் அடங்கியது.

"நாலாவது வரிங்க" என்றார் அவர். "அதுவரைக்கும் சரியாத்தான் வந்தேன்."

"அப்ப நாலுல இருந்து ஆரம்பிப்போம். பேனா இருக்கா?"